மலைப்பாதையில் நிற்கும் நேரமும் புத்தர் கேட்ட தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதல் கடிதம் கோவையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி வந்த ஒருவருடையது. விடுமுறை நாள் முழுவதும் சாலையிலேயே பாழாகிவிட்டது என்று கொதித்திருந்தார். இரண்டாவது கடிதம் அவருக்கு ஆறுதலாக ஒரு பெரியவர் எழுதியது. நடப்பதெல்லாம் நன்மைக்கே, தடை வந்தால் புன்னகையோடு ஏற்றுக்கொள்வதுதான் புத்தர் காட்டிய வழி என்று அவர் முடித்திருந்தார். முதலாமவரின் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டாமவரின் ஆறுதலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார். ஆனாலும் புத்தர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் வைத்து, வழியில் மாட்டிக்கொண்டவர்களின் வாயை அடைப்பது தவறு என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பாதைதான் என் பணிக்காலம் முழுவதும் நான் போய்வந்த பாதை. குஞ்சப்பனை, முள்ளூர், மாமரம், தட்டப்பள்ளம், அரவேனு என இந்தப் பாதையில் எந்த ஊரைச் சொன்னாலும், அங்கே ஏதோ ஒரு மழைநாளில் பேருந்துக்குள் உட்கார்ந்து காத்திருந்தது நினைவுக்கு வரும். பௌத்தமும் எனக்குப் படிப்பில் வந்தது கொஞ்சம், பிறந்த மண்ணில் வந்தது அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாதை அடைபடுவதற்குக் காரணங்கள் பல. நீலகிரியின் கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததை நாடே பேசியது. அது தென்மேற்குப் பருவமழை, மலையின் மறுபக்கம். எங்கள் பக்கத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் சோதனை மாதங்கள். மழை இல்லாத நாளிலும் வண்டி நிற்கும். பலா பழுக்கும் பருவத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் வந்துவிடும். ஓட்டுநர் தொலைவிலேயே பேருந்தை நிறுத்தி, ஒலிப்பானில் கை வைக்காமல் காத்திருப்பார். குட்டியோடு வந்த கூட்டமாக இருந்தால், அது சாலையைக் கடக்கும்வரை இரு பக்கமும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அப்போது பேருந்துக்குள் யாரும் எரிச்சல்படுவதில்லை. பிள்ளைகளைத் தூக்கி ஜன்னலில் காட்டுகிறார்கள். அதே இடத்தில், அதே அளவு நேரம், சரிந்த மண்ணை அள்ளுவதற்காக நிற்க நேர்ந்தால் நடத்துநரின் சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். ஒருவனுக்கு ஓர் அம்பு தைக்கிறது. அதன் பின்னாலேயே இன்னோர் அம்பும் தைக்கிறது. முதலாவது உடலுக்கு நேரும் வேதனை. அந்த வேதனையை எண்ணிப் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, கலங்கிப்போவது இரண்டாவது. மனம் பழகியவனுக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கிறது. யானைக்காக நின்றபோது தைக்காத இரண்டாம் அம்பு மண்ணுக்காக நிற்கும்போது எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த உரையை எடுத்துச் சொல்கிறவர்கள் பலர் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: மனம் பழகியவனுக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்கிறது. அது அம்பே இல்லை என்றோ, அது உன் நன்மைக்காக எய்யப்பட்டது என்றோ, அதற்கு நன்றி சொல் என்றோ புத்தர் அங்கே சொல்லவில்லை.

எல்லாம் நன்மைக்கே என்பதை இந்த மலையில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. 1993 நவம்பரில் குன்னூர்ப் பாதையில் மரப்பாலத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த 2009 மழையில் நான் பணியில் இருந்தேன். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஒரு பிள்ளையின் முகத்தைத் துடைத்த கை இது. உனக்கு நேர்ந்தது நன்மைக்கே என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் சொல்லும் மதம் ஒன்று இருந்தால் அது எனக்கு வேண்டாம். பௌத்தம் அப்படிப்பட்டது அன்று. இது இருப்பதால் அது உண்டாகிறது, இது இல்லையென்றால் அதுவும் இல்லை என்பது புத்தர் கற்பித்தவற்றின் வேர். மண்சரிவும் அப்படிக் காரணங்களால் உண்டாவதுதான். சரிவைச் செங்குத்தாக வெட்டிக் கட்டடம் எழுப்புகிறோம். மழைநீர் இறங்கும் வழிகளை அடைக்கிறோம். வேர் பிடித்து நின்ற சோலைகளை அழித்தோம். இந்தக் காரணங்களைக் குறைத்தால் சரிவும் குறையும். சாலையோரக் கால்வாய்களை ஆவணியிலேயே தூர்வாருங்கள் என்று கேட்பதை நான் பௌத்தத்துக்கு வெளியே உள்ள வேலையாக நினைக்கவில்லை. கோவை வாசகர் சாலைப் பராமரிப்பைக் குறித்துக் கேட்ட கேள்விகள் அத்தனையும் நியாயமானவை.

புத்தருடைய கடைசிப் பயணம் முழுவதும் தடைதான். அவருக்கு எண்பது வயது. பாவா என்ற ஊரில் சுந்தன் என்ற கொல்லன் அளித்த உணவுக்குப் பிறகு வயிற்றோட்டமும் இரத்தப்போக்கும் கண்டு, அந்த உடம்போடு குசிநகரை நோக்கி நடக்கிறார். வழியில் முடியாமல், மேலாடையை நான்காக மடித்து ஒரு மரத்தடியில் விரிக்கச் சொல்லி உட்காருகிறார். தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வா என்று உடன் வந்த சீடர் ஆனந்தரிடம் கேட்கிறார். ஐந்நூறு வண்டிகள் இப்போதுதான் இந்த ஓடையைக் கடந்தன, தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, சற்றுத் தொலைவில் ககுத்தா ஆறு தெளிவாக ஓடுகிறது, அங்கே போய்க் குடிக்கலாம் என்கிறார் ஆனந்தர். புத்தர் இரண்டாம் முறையும் கேட்கிறார். அதே பதில் வருகிறது. மூன்றாம் முறையும் கேட்கிறார். ஆனந்தர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறார். ஓடை தெளிந்திருக்கிறது.

புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தம் என்ற பாலி நூல் இதைப் புத்தரின் ஆற்றலால் நிகழ்ந்த அற்புதமாகச் சொல்கிறது. வயிற்றோட்டத்தில் நீர் வற்றிப்போனவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே வயதாகிவிட்ட எனக்கு, அந்த மூன்றாவது முறை கேட்டதுதான் மனத்தில் நிற்கிறது. பற்றுகளை அறுத்தவர் என்று உலகம் வணங்கும் மனிதர் தம் தாகத்தை மறைக்கவில்லை. ஆனந்தரைக் கடிந்துகொள்ளவில்லை, கேட்பதை விடவும் இல்லை. பேருந்து நின்ற இடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று ஒரு பயணி கேட்டால் அவருக்குப் பொறுமை இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தயவுசெய்து படிக்க வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு பிற்பகல் முள்ளூரைத் தாண்டியதும் எங்கள் பேருந்து நின்றது. சில்வர் ஓக் மரம் ஒன்று வேரோடும் மண்ணோடும் சாலையில் கிடந்தது. பொக்லைன் இயந்திரம் கோத்தகிரியிலிருந்து இறங்கி வர வேண்டும். அது வரும் வழியிலும் மண் சரிந்திருப்பதாகத் தகவல் வந்தது. எங்களுக்குப் பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. சாவு வீட்டுக்குப் போகும், இந்த மலையின் படகர் சமூகப் பெண்கள் சிலர் வெள்ளை முண்டு போர்த்திக்கொண்டு முன் இருக்கைகளில் இருந்தார்கள். அடக்கத்துக்கு முன் முகம் பார்க்க முடியுமா என்ற கவலை அவர்களுக்கு. மேட்டுப்பாளையம் மண்டியில் காரட் மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பும் விவசாயி ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊருக்கு வரும் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் இருந்தோம். பின் இருக்கைக்காரர் ஒருவர் நடத்துநரை விடாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது இறங்க ஆரம்பித்தபோது என் பக்கத்தில் இருந்த முதியவருக்கு வியர்த்தது. மலைக்குளிரில், மழையில், சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. கை நடுங்கியது. பேர் கேட்டால் நாக்குக் குழறியது. காலையில் இன்சுலின் போட்டவர், மதியச் சாப்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறியிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. இந்த நிலையில் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். விட்டால் நினைவு தப்பும், அதற்கு மேலும் போகும். யாரிடமாவது இனிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். திட்டிக்கொண்டிருந்தவர்தான் எழுந்து வந்தார். தங்கை வீட்டுக்கு வாங்கிய ஜாங்கிரிப் பெட்டியைப் பிரித்து, பாகு சொட்டச் சொட்ட எடுத்து, “வாயைத் திறங்கள் ஐயா” என்று தாமே ஊட்டினார். முதியவர் தெளிந்து, இது எந்த ஊர் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மிச்ச ஜாங்கிரி பேருந்து முழுவதும் போயிற்று. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகும் அவர் சாலைப் பணியைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நடத்துநரைத் திட்டுவதை விட்டுவிட்டார். அவரவர் குற்றம் எது என்பது அவருக்குப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது என்றே நான் நினைக்கிறேன். பௌத்தம் சொல்லும் தெளிவான பார்வைக்கு ஓர் ஆரம்பம் என்று இதை நான் கூசாமல் சொல்வேன்.

பெண்களுடைய பாடு இன்னொரு பக்கம். அங்கே கழிப்பறை கிடையாது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளம். படகர் பெண்களில் மூத்தவர் எழுந்து, “வாங்கம்மா, நான் குடை பிடிக்கிறேன்” என்று முதலில் இறங்கினார். சாலையோரம் குடைகளை வட்டமாக விரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போய்வந்தோம். அறிமுகமில்லாத ஆண்கள் பேருந்தின் மறுபக்கமாகத் திரும்பி நின்றார்கள். யாரும் சொல்லாமலே நின்றார்கள். கண்ணியமான மக்கள். ஆனால் மக்கள் கண்ணியமாக இருப்பதை நம்பியே ஒரு மாவட்டச் சாலையை வைத்திருக்க முடியாது. மலைப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளும் அப்படித்தான் வருவார்கள். பரிசோதனைக்கு வந்து உட்காரும்போதே உதடு வெடித்திருக்கும். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். “வழியில் எங்கே சிஸ்டர் போவது?” என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

வழியில் நின்றுபோனவர்களை நினைத்தால் எனக்கு ஆபுத்திரன் நினைவு வந்துவிடும். மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறவன். அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பாண்டிய நாட்டில் மழை பெய்து வளம் கொழித்ததும் அவனிடம் உண்ண வர ஆளில்லாமல் போயிற்று. சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கேள்விப்பட்டு அங்கே போகக் கப்பல் ஏறினான். கடல் கொந்தளித்ததால் கப்பல் மணிபல்லவத் தீவில் பாயை இறக்கி ஒரு நாள் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி, மாலுமிகள் இருளிலேயே பாய் விரித்துப் போய்விட்டார்கள்.

ஆளில்லாத தீவில், கையில் வற்றாத பாத்திரத்தோடு அவன் நிற்கிறான். அவன் ஒருவனுக்கு வாழ்நாள் முழுவதும் சோற்றுக்குக் குறைவில்லை. பல உயிர்களைக் காக்க வேண்டிய பாத்திரம் என் ஒருவன் உயிரைக் காப்பதை நான் பொறுக்க மாட்டேன் என்று சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பட்டு அருளறம் உடையவர் கையில் சேர்க என அதை அந்தத் தீவின் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். உண்ணாமல் அங்கேயே உயிர் விடுகிறான். காப்பியம் இதை நன்மை என்று பூசி மெழுகவில்லை. துயரம் துயரமாகவே இருக்கிறது. பிற்காலத்தில் மணிமேகலையும் தன் விருப்பமின்றி அதே தீவுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். வைகாசி முழுநிலா நாளில் பாத்திரம் மேலே வந்து அவள் கையில் சேர்கிறது. அதைக் கொண்டு புகாரின் சிறைக்கோட்டத்தில் பசித்துக் கிடந்தவர்களுக்கு அவள் சோறிடுகிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. ஆபுத்திரனுக்குக் கொடுக்க இருந்தது, வாங்கத்தான் ஒருவரும் இல்லை. மழையில் நின்ற எங்கள் பேருந்தில் வாங்கிக்கொள்ள அத்தனை பேர் இருந்தார்கள். ஒரு பெட்டி ஜாங்கிரியும் நாலைந்து குடைகளும் போதுமானதாக இருந்தன.

பாத்திரம் மேலெழுந்த அந்த வைகாசி முழுநிலாவைத்தான் இலங்கையில் வெசாக் என்று கொண்டாடுகிறார்கள். நான் பிறந்தது அங்கேதான்; ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வெசாக் நாட்களில் சாலையோரம் தன்சல் போடுவார்கள். அதாவது, வழிப்போக்கர் எல்லாருக்கும் இலவசமாகச் சோறோ பானமோ கொடுக்கும் பந்தல். இளைஞர்கள் சாலையில் இறங்கி நின்று பேருந்துகளையும் லாரிகளையும் கையசைத்து நிறுத்துவார்கள். ஏறியிருப்பவர்கள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிங்களவரா தமிழரா, தோட்டத்து ஆளா பட்டணத்து ஆளா என்று கேட்பதில்லை. நேரமாகிறது என்று யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பயணத்தை நிறுத்துவது ஒரு மனிதருக்குச் செய்யும் உபசாரமாகவும் இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். நம் ஊரிலும் தண்ணீர்ப் பந்தலும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் இருந்தன. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நட்டு வைத்தார்கள். வழிநடப்பவரின் களைப்பை மதித்த சமூகம் இது.

1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியாவிலிருந்து போய்த் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா அங்கே, நாங்கள் இங்கே. காகிதத்துக்காகக் காத்திருந்து, ரயிலுக்காகக் காத்திருந்து, தலைமன்னாரில் கப்பலுக்காகக் காத்திருந்து, மண்டபம் முகாமில் எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று காத்திருந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்புத் தந்தது. அந்தக் காத்திருப்பெல்லாம் எங்கள் நன்மைக்கு என்று இன்று வந்து யாராவது சொன்னால், தலைமன்னார்த் துறையில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முகத்தை நான் அவருக்குக் காட்ட வேண்டியிருக்கும். அம்மா அங்கே செய்தது ஒன்றுதான். கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டு, பக்கத்து மூட்டைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிலர் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள். இலங்கையில் தமிழர்களின் லயங்களுக்குத் தீ வைத்தவர்களும் விகாரைக்குப் போகிறவர்கள்தாமே, நீ எப்படி அந்தப் புத்தரைப் பேசலாம் என்கிறார்கள். 1977, 1981, 1983 கலவரங்களில் எங்கள் மக்கள் பட்டதை நான் மறக்கவில்லை. சித்தப்பா குடும்பம் பட்டது அது. புத்தர் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட கொடுமையைக் கொடுமை என்றே சொல்கிறேன். அதற்காகத் தன்சலில் எனக்குச் சோறிட்ட கையை நான் மறுக்கவும் மாட்டேன், அந்தத் தருமத்தைத் தீ வைத்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அது நம்முடையதும்தான். 1898-இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அதற்கு முன் இளமையில் இந்த நீலகிரியில் வாழ்ந்தவர். மலையில் இது பலருக்கும் தெரியாது என்பது வருத்தம் தருகிறது.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்த விதி வந்த விதமே கவனிக்கத் தக்கது. பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டி அடங்குகின்றன, இந்தப் பிக்குகள் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே என்று ஊர்மக்கள் குறை சொன்னார்கள். புத்தர் அந்தக் குறையைக் கேட்டு விதி செய்தார். அதிலும், நோயாளியைப் பார்ப்பது, தாய் தந்தையருக்கு முடியாமல் போவது போன்ற அவசரத்துக்கு ஏழு நாள் வெளியே போய்வர இடம் வைத்தார். இதைவிடத் தெளிவான போக்குவரத்து ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வந்தால் சுற்றுலாப் பயணிகள் அந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மலை எங்கும் போய்விடாது. சாலையின் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் ஆம்புலன்சும் நோயாளியும் சாவுக்குப் போகிறவர்களும் முதலில் போகட்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வருகிறார்கள். அந்தச் சீட்டோடு சேர்த்தே அன்றைய பாதை நிலவரமும் பயணியின் கைப்பேசிக்கு வந்தால் எத்தனையோ குடும்பங்கள் வீட்டிலேயே நிதானித்துவிடும். இ-பாஸ் தேவைப்படாத பேருந்துப் பயணிகளுக்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் வண்டி கிளம்பும் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஏறுகிறவர் தெரிந்து ஏறுகிறார். தெரியாமல் ஏற்றிக்கொண்டுவந்து காட்டுக்குள் நிறுத்துவதில்தான் கோபம் பாதி பிறக்கிறது.

பேருந்துகள் வழக்கமாக நிறுத்தப்படும் இடங்கள் எவை என்று காவலர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் தெரியும். அந்த இடங்களில் குடிநீர்க் குழாயும், தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள பெண்கள் கழிப்பறையும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் வேண்டும். காட்டுப்பகுதி என்பதால் கட்டுவது கடினம் என்று பதில் வரும். யானை வழியை மறிக்காமல், சோதனைச் சாவடியை ஒட்டியும் ஊர்களை ஒட்டியும் கட்ட இடமிருக்கிறது. புத்தர் கேட்டதைப் போல மூன்று முறையாவது நாம் கேட்க வேண்டும். எங்கள் ஊர் மகளிர் குழு ஒருமுறை மனுக் கொடுத்துவிட்டது. இது இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை குழுப் பெண்கள் சும்மா இருக்கப்போவதில்லை. சாலை அடைபட்டது என்று தெரிந்தால், மழை எப்படி இருந்தாலும், ஒரு பெரிய பாத்திரத்தில் சுக்குக் காப்பியும் கொதித்து ஆறிய தண்ணீரும் பிஸ்கட் பாக்கெட்டுகளும் எடுத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். சாலையோரத்தில் மறைப்புக் கட்ட நான்கு கம்பும் தார்ப்பாயும் தயாராக இருக்கின்றன. மாமரம், அரவேனுப் பக்கத்து வாசகர்கள் அன்று தங்கள் வீட்டிலிருந்து டம்ளர்களைக் கொண்டுவந்து உதவினால் பிளாஸ்டிக் கோப்பைகளைத் தவிர்க்கலாம். இந்தப் பாதையில் பயணம் செய்யும் சர்க்கரை நோயாளிகள், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள், பையில் கொஞ்சம் கற்கண்டோ குளுக்கோஸோ வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கோவை வாசகர் அடுத்த முறை குடும்பத்தோடு வரும்போது வழி அடைபட்டிருந்தால், எங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, அந்தக் கழிப்பறைக் கோரிக்கையில் தாமும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.